கிம்ச்சியை ஊறுகாய் இடத்தில் வைத்த வெள்ளிக்கிழமை

புதிதாக ஃப்ளோரில் நிற்கத் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யக் கொடுத்திருப்பார்கள்: "எங்கள் உணவு பகிர்ந்து சாப்பிடுவதற்காகச் செய்யப்படுகிறது. ஒவ்வொன்றும் தயாராகத் தயாராக மேசையின் நடுவில் வரும்." பெங்களூரு இந்திராநகரில் எங்கள் உணவகம் திறந்த நாளிலிருந்து, முழங்கால் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிய நாள்வரை நானும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. அதைச் சொல்லும்போது மெனுவைப் பார்க்காதீர்கள், கேட்பவர்களின் முகத்தைப் பாருங்கள். நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கு உதாரணம்.

கல்லூரிப் பிள்ளைகளின் முகம் மலரும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கும் கூட்டம் தங்கள் மேனேஜரின் முகத்தைப் பார்க்கும். அந்த மேசையில் ஒரு கூடை டம்ப்ளிங், அதாவது ஆவியில் வெந்த சீனக் கொழுக்கட்டை, வைத்தால் ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடக்கும். மேனேஜர் எடுக்கமாட்டார், பெருந்தன்மை. மற்றவர்கள் எடுக்கமாட்டார்கள், அப்ரைசல். கூடையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "இருக்கட்டும்" என்பார்கள்.

எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் வேறு ரகம். வயதில் பெரியவர் ஒருவர் முதலில் நடுவிலிருக்கும் தட்டைப் பார்ப்பார். பிறகு யார் யார் கையில் என்ன கரண்டி இருக்கிறது, அது எங்கே போய்விட்டு எங்கே வருகிறது என்று பார்ப்பார். எச்சில் என்ற சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொல்லத் தேவையும் இருக்காது.

அப்படி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லவேண்டிய விஷயம் இது. வரிசை மாறினால் நான் செய்தது வெறும் குறும்பாகத் தெரியும். குறும்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துச் செய்த குறும்பு.

நித்யா என்ற பெண் மேசை பதிவு செய்ய நேரிலேயே வந்தாள். குடியாத்தத்துக்காரி, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அங்கேயே ஒரு பி.ஜி.யில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மாலைக்கு ஐந்து பேர் என்றாள். அவளுடைய அப்பா, பெரியப்பா, அவள், அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பிரபு, பிரபுவின் அம்மா.

"முதல் தடவை பாத்துக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. எங்கப்பா சரின்னுட்டாரு. ஆனா அவரு சரின்னா போதாது. பெரியப்பா சொல்லணும். அவரு வேணாம்னா அப்பா அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டாரு."

"பெரியப்பாவுக்கு என்ன குறை?"

"பிரபுவுக்கு அப்பா இல்ல. அம்மா மட்டும்தான், லிங்கராஜபுரத்துல தையல் கடை வெச்சிருக்காங்க. எடுத்துக்கட்டிச் செய்ய ஆம்பளை இல்லாத வீடு, அங்க எப்படிப் பொண்ணு குடுக்கறதுன்னு கேக்கறாரு."

"வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கலாமே?"

"வந்தா கை நனைக்கமாட்டாருக்கா."

வேறு ஊர்களிலிருந்து வந்திருக்கும் உங்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசப் போகும் வீட்டில், பேச்சு முடிவாகும்வரை சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். அதைத்தான் கை நனைப்பது என்பார்கள். ஹோட்டல் என்றால் யார் வீடும் இல்லை, அதனால் பெரியப்பா வரச் சம்மதித்திருந்தார்.

"சரி, எத்தனையோ ஹோட்டல் இருக்கு. இங்க ஏன்?"

"எங்க டீம் இங்கதான் வந்தோம். நடுவுல ஒரே தட்டு, எல்லாரும் எடுத்து எடுத்துச் சாப்பிட்டோம். ரொம்ப நாளா பேசாம இருந்த ரெண்டு பேரு அன்னிக்குப் பேசிட்டாங்க. அதான்."

"உங்க பெரியப்பா அடுத்தவங்க தட்டுலேருந்து எடுப்பாரா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்கப்பா குடிச்ச டம்ளர்லயே குடிக்கமாட்டாரு," என்றாள். பிறகு அவளுக்கே புரிந்து, "அய்யோ," என்று மெதுவாகச் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் இடம் சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. போகும்போது பெரியப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் புலம்பினாள். அரிசி மண்டி வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் முறை, முறை என்பார். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தியில் அவர்தான் நிற்பார், ஒரு இலை விடாமல் விசாரிப்பார், அங்கே சமையல்காரர்களே நடுங்குவார்கள். புலம்புகிறவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தொழிலுக்கு வேண்டியது அதில்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பிரபுவின் அம்மா வசந்தா, தானே தைத்த ரவிக்கை என்று பார்த்தாலே தெரிந்தது, அவ்வளவு கச்சிதம். எல்லோருக்கும் சைவம்தான் என்று நித்யா முன்பே சொல்லியிருந்தாள். வட்ட மேசையில் உட்காரவைத்தோம். வாக்கியத்தைச் சொன்னோம். பெரியப்பாவின் முகம் நான் எதிர்பார்த்தபடியே இருந்தது.

முதலில் தாமரைத்தண்டு வறுவல் வந்தது. பிரபுவுக்குப் பதற்றம். பதற்றத்தில் இருப்பவர்களுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். ஃபோர்க்கால் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். அதே ஃபோர்க்கால் நடுத்தட்டில் இன்னொன்றைக் குத்தினான். பிறகு மரியாதைக்காக, அதே ஃபோர்க்கால் மூன்றாவதை எடுத்துப் பெரியப்பாவின் தட்டில் வைத்தான்.

பெரியப்பா தன் தட்டை முன்னால் தள்ளிவைத்தார்.

"எனக்கு வயிறு சரியில்ல. வெந்நீர் மட்டும் போதும்."

நித்யாவின் அப்பா அதைக் கேட்டதும் எடுத்த கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கும் பசி இல்ல," என்றார். அவர்கள் இருவரும் சாப்பிடாதபோது தான் சாப்பிடுவது எப்படி என்று வசந்தாவும் நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்குள் காளான் அடைத்து ஆவியில் வேகவைத்த பாவ், மிசோ விழுது தடவிச் சுட்ட கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக நடுவில் வந்து சேர்ந்து, சாப்பிட ஆள் இல்லாமல் ஆறத் தொடங்கியது.

நித்யா எழுந்து நான் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"முடிஞ்சுதுக்கா. கை நனைக்காம கெளம்பிடுவாரு. வண்டியில ஏறினதும் வேணாம்னு சொல்லிடுவாரு."

"பெரியப்பா பந்தி விசாரிக்கும்போது சாப்பிடுவாரா?"

"எப்படிச் சாப்பிடுவாரு? எல்லாரும் சாப்பிட்ட அப்புறம் கடைசிப் பந்தியிலதான் உக்காருவாரு. இப்ப எதுக்குக்கா அது?"

"நீ போய் உக்காரு. நான் எங்க உக்காரச் சொன்னாலும் எல்லாரையும் கூட்டிட்டு வந்துடு."

சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்ட ஒருவரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் தன் வார்த்தையைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் கெட்டியாக உட்காருவார். சாப்பிடாமலே அந்த மேசையில் அவருக்கு ஒரு வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். எங்கள் செஃப் டார்ஜிலிங்காரர், கெட்டிக்காரர், முன்கோபி. அந்த மேசைக்கு இனி எதையும் தயாரானபடி அனுப்பவேண்டாம், நான் சொல்லும்போது ஒவ்வொன்றாக, ஐந்து பேருக்கும் சேர்த்துப் புதிதாக அனுப்புங்கள் என்றேன்.

"இது ஷேரிங் உணவகம்," என்றார்.

"அந்த மேசைக்கு மட்டும் இல்ல."

"எனக்குக் காரணம் வேணும்."

"ஒரு கல்யாணம் நிக்குது."

அவருக்கும் கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு தங்கை இருந்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து, பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான என் கேப்டன் மஞ்சு. மீசை வைத்த துமகூருக்காரர், எனக்குச் சமமான வயது, எதற்கும் அசராதவர். வரிசையாக உட்காரவைத்து, இவரே நடந்து நடந்து பரிமாறவேண்டும், யாரும் எந்தத் தட்டிலும் கைவைக்கக் கூடாது என்று விளக்கத் தொடங்கினேன்.

"மேடம், எங்க ஊர் கல்யாண ஊட்டா, பந்திச் சாப்பாடு மாதிரிதானே?" என்று பாதியிலேயே நிறுத்தினார்.

"அதேதான். இன்னொண்ணு. நடுவுல அந்த அம்மாவை மட்டும் விட்டுட்டுப் போயிடுங்க."

"ஐயோ, தப்பாச்சே மேடம்."

"பெரிய தப்பு. அதனாலதான் சொல்றேன்."

மஞ்சு என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். மஞ்சுவின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

ஏ.சி. சொட்டுகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, ஐந்து பேரையும் சமையலறைக்கு எதிரேயிருந்த நீள மேசைக்கு மாற்றினோம். எல்லோரையும் ஒரே பக்கமாக உட்காரச் சொன்னேன்.

"என்னம்மா இது, பஸ்ஸுல உக்கார வெச்ச மாதிரி?" என்றார் பெரியப்பா.

"இங்கேருந்து பாத்தா சமையல் தெரியும்யா," என்றேன்.

அவர் ஓரத்து நாற்காலியில், வெந்நீர் டம்ளரோடு உட்கார்ந்தார். புதிய தட்டுகள் வந்தன. மஞ்சு ஒரு பெரிய கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வரிசையின் தலையில் போய் நின்றார். கொரியாக்காரர்களின் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியைக் கொஞ்சம் எடுத்து ஒவ்வொரு தட்டிலும் இடதுபக்க மேல் மூலையில் வைத்துக்கொண்டே போனார். பிறகு வறுவல், அது அப்பளம் வைக்கும் இடத்தில். பிறகு கத்தரிக்காய், பொரியல் இடத்தில். நான் இதையெல்லாம் சொல்லவே இல்லை. கை தானாகப் போயிற்று.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஊறுகாய் இடத்துலதான் ஊறுகாய் வெக்கிறான்," என்று நித்யாவின் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

டம்ப்ளிங் வந்தது. மஞ்சு நித்யாவுக்கு வைத்தார், பிரபுவுக்கு வைத்தார், வசந்தாவைத் தாண்டி நித்யாவின் அப்பாவுக்கு வைத்துவிட்டு நடந்தார். பெரியப்பாவின் தலை நிமிர்ந்தது. அடுத்து பாவ். மறுபடியும் வசந்தாவின் தட்டுக்கு மட்டும் வரவில்லை. அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் புரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெரியப்பாவால் அதற்குமேல் முடியவில்லை.

"தம்பி, நில்லு. அந்த அம்மாவுக்கு வெக்காம எங்க போற?"

"சாரி சார்."

"சாரி எதுக்கு? திரும்பி வந்து வை. விருந்தாளியை விட்டுட்டு வீட்டாளுக்கு வெக்கிற. என்ன முறை இது?"

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். எழுந்தவர் மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் வந்துவிட்டார். வேட்டியை ஒருமுறை இறுக்கிக்கொண்டு மஞ்சுவுக்குப் பக்கத்தில் நின்றதும் ஆளே மாறிப்போனார். "அந்தக் கொழுக்கட்டைய மொதல்ல வை. ஒண்ணு இல்லப்பா, ரெண்டா வை. அந்தப் பையனுக்குக் காரமா ஏதோ வேணுமாம், கேளு. என்ன நித்யா, கொறிக்கற? தம்பி, இதுக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லியா?" மஞ்சு முன்னால் நடந்தார், பெரியப்பா பின்னால் நடந்தார். பெரியவர் நின்றுகொண்டிருந்ததால் அவர் சாப்பிடாதது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. நித்யாவின் அப்பாவுக்குப் பசி திரும்பிவிட்டது.

பக்கத்து மேசையில் கழுத்தில் ஐடி கார்டு தொங்க நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கூடையில் அந்த வழக்கமான கடைசி டம்ப்ளிங். பெரியப்பா போகிற போக்கில் நின்றார்.

"இது யாருக்கு?"

ஓசூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், "சும்மா இருக்கு அங்கிள்," என்றான்.

"சும்மா இருக்க அது என்ன பொம்மையா? எடுத்துச் சாப்பிடு."

பையன் தன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் பெரியப்பாவைப் பார்த்தார். "சாப்பிடுப்பா," என்றார் மேனேஜர். பையன் சாப்பிட்டான். நான் நெடுங்காலம் கேட்டும் நடக்காத காரியம் அது.

திரும்பி வந்த பெரியப்பா வசந்தாவின் முன்னால் நின்றார். "ஏம்மா, ஒண்ணுமே சாப்பிடலியே. பிடிக்கலியா?"

"போதுங்கண்ணா, வயிறு நெறஞ்சுடுச்சு."

"ரெண்டு கொழுக்கட்டையில என்ன நெறையும்? தம்பி, வை."

இது இரண்டு மூன்று முறை நடந்தது. நான் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வசந்தாவின் பக்கம் குனிந்தபோது, அந்த அம்மா தலை நிமிராமலே பேசினார்.

"உங்க ஆளை என்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்னு சொல்லுங்க. பெரியவரே கேக்கட்டும். நான் வேணாம் வேணாம்னுட்டே சாப்பிடறேன்."

"முடியுதா உங்களால?"

"முடியல. அதுக்காக விட்டுட முடியுமா? என் பையனோட வாழ்க்கை."

கூட்டாளி ஒருத்தி மேசையிலேயே இருப்பது தெரிந்ததும் நான் ஒதுங்கிக்கொண்டேன். விருந்தாளியே நம் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டால் தள்ளி நிற்கத் தெரியவேண்டும்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் வசந்தா எழுந்தார். மஞ்சுவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரையும் சாப்பிட வெச்சுட்டு நீங்க நின்னுட்டிருந்தா நல்லா இருக்காதுண்ணா. கடைசிப் பந்தி உங்களுது. உக்காருங்க."

"எனக்குத்தான் வயிறு..."

"ஆவியில வெந்தது. வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. புதுக் கூடை, புதுத் தட்டு. யாரும் தொடல."

பெரியப்பா வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். நித்யா மடியிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கை கழுவ எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

கை கழுவிவிட்டு வந்து உட்காரலாம். கை கழுவிவிட்டுக் கிளம்பலாம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் கை கழுவத்தான் வேண்டும். நானே கூட்டிக்கொண்டு போனேன்.

குழாயைத் திறந்தபடியே கேட்டார். "உங்க ஆளுக்கு ஊறுகாயை அந்த எடத்துல வெக்க யார் சொல்லிக்குடுத்தது?"

"அவரு ஊர்லயும் அப்படித்தானாம்யா."

"அந்த அம்மாவை ரெண்டு தடவை விட்டுட்டுப் போனானே. அதுவும் அவன் ஊர் வழக்கமா?"

கண்ணாடியில் அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரமாட்டார்கள். மாட்டிக்கொண்டீர்களா, ஒப்புக்கொள்ளுங்கள்.

"நாந்தான் விடச் சொன்னேன்."

"தெரியும். மறந்து விட்டவன் மொகம் வேற மாதிரி இருக்கும். அவன் விட்டுட்டு என்னைப் பாத்தான்." கையைத் துடைத்துக்கொண்டார். "வர்றப்பவே வயிறு சரியில்லன்னு சொல்லணும்னு நெனச்சுட்டு வந்தேன். சொல்லிட்டேன். சொன்னப்புறம் அந்த நாற்காலியிலேருந்து எழுந்திரிக்க எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது."

"இப்ப?"

"அந்த அம்மா தனி ஆளா நின்னு எடுத்துக்கட்டிச் செய்யுதே, பாத்தீங்களா? என்னையே வேலை வாங்கிடுச்சு."

திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஃபோர்க்கைத் தள்ளிவைத்தார். வசந்தா வைத்த டம்ப்ளிங்கைக் கையால் எடுத்தார். மற்ற நால்வரும் அவரைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருத்தி சமையலறையை. எங்கள் உணவகத்தில் விசேஷம் என்று தெரிந்தால் இனிப்பில் மெழுகுவத்தி ஏற்றி, கைதட்டிக்கொண்டு போய் வைப்பது வழக்கம். மஞ்சு சந்தோஷத்தில் தட்டைத் தயார்செய்து வத்தியையும் நட்டுவிட்டார். நான் அவர் ஷூவின் மேல் ஏறி நின்றேன். ஒருவர் மனம் மாறுகிற நேரத்தில் யாரும் கைதட்டக் கூடாது. அவர் அதைச் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ள விடவேண்டும்.

பெரியப்பா மெதுவாக மென்று முழுங்கினார். வெந்நீரை ஒரு வாய் குடித்தார். பிறகு பக்கத்தில் கரண்டியோடு நின்ற வசந்தாவை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு கம்மியா இருக்கு, சம்பந்தி."

"கல்யாணத்துல சரியா போடச் சொல்லிடலாங்கண்ணா," என்றார் வசந்தா, மூச்சுவிடாமல்.

நித்யாவின் அப்பா செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், வீட்டில் சொல்வதற்காக.

நான் சமையலறைக்குப் போய், நீள மேசையில் ஒருவர் டம்ப்ளிங்கில் உப்பு கம்மி என்கிறார் என்று செஃபிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. புகார் சொல்லும்போது இப்படிச் சிரிக்கிறீர்களே என்று கேட்டு, அன்று இரவு முழுக்க என்னோடு பேசவில்லை.